பட்டியலில் இல்லாதவர்கள்

கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் வாசிப்பதற்காகக் கூடத் தொடங்கிய மூன்று பேர், காலப்போக்கில் பங்குச்சந்தையின் விலைப்பட்டியலை வாசிக்கிறவர்களாக மாறிப்போன கதை இது. இலக்கியம் பேசும் இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். கோவில்பட்டிக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. இந்தக் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி, 'டின்னவெலி' என்று திருநெல்வேலியின் பெயரையே சுமந்துகொண்டு லிவர்பூல் சந்தை வரைக்கும் போயிருக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாளிதழைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது விருதுநகர் மார்க்கெட் நிலவரம். உளுந்து என்ன விலை, வற்றல் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திகளுக்குப் போவார்கள். விலையைப் பற்றிப் பேசுவதும் மழையைப் பற்றிப் பேசுவதும் இங்கே ஒரே பேச்சுதான்.

எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். மூன்றாமவர் பெங்களூரில் கணினி வேலை பார்த்து, 2020 ஊரடங்கின்போது ஊர் திரும்பி, பிறகு திரும்பிப் போகாமலேயே இருந்துவிட்டவர். கடலையூர் சாலையில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திப்போம். அந்த ஊரடங்குக் காலத்தில்தான் எங்கள் பேச்சுக்குள் சந்தை நுழைந்தது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்து 7,610-இல் முடிந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே எண் 18,477. இந்த ஏற்றத்தைப் பார்த்த எவருக்கும் தாம் கொஞ்சம் புத்திசாலி என்று தோன்றியிருக்கும். எங்களுக்கும் தோன்றியது.

நாங்கள் தேர்ந்துகொண்டது ஸ்விங் டிரேடிங். காலையில் வாங்கி மாலையில் விற்கும் பரபரப்பும் இல்லை. வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து ஆண்டு மறந்திருக்கும் பொறுமையும் தேவையில்லை. சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஒரு பங்கைக் கையில் வைத்திருந்து, அதன் ஒரு அசைவை மட்டும் அறுத்துக்கொள்வது. ஆனால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் புரளும் தேசியப் பங்குச்சந்தையில் எதை எடுப்பது? அதற்குத்தான் சல்லடை வேண்டும். நிபந்தனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சலித்தால் இரண்டாயிரம் பத்தாகக் குறையும். ஸ்க்ரீனர் என்று உலகம் சொல்வதை நாங்கள் சல்லடை என்றே சொல்லிப் பழகினோம்.

நிபந்தனைகள் எங்கள் சொந்தக் கண்டுபிடிப்புகள் அல்ல. கடந்த 20 நாள்களின் உச்ச விலையை ஒரு பங்கு தாண்டினால் வாங்கு, கடந்த 10 நாள்களின் தாழ்விலையை உடைத்தால் விற்றுவிடு என்ற விதி ரிச்சர்ட் டான்ஷியனின் வழி வந்தது. 1983-இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற வணிகர், அனுபவமில்லாதவர்களைச் சேர்த்து 'ஆமைகள்' என்று பெயரிட்டுப் பயிற்றுவித்தபோது கொடுத்த விதிகளுள் இதுவும் ஒன்று. அந்த ஆமைகள் வாங்கி விற்ற பண்டங்களில் பருத்தியும் இருந்தது என்று படித்தபோது எங்களுக்கு ஏனோ ஒரு சொந்தம் தட்டியது. வெல்ஸ் வைல்டர் 1978-இல் எழுதிய நூலிலிருந்து ஆர்.எஸ்.ஐ. என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டோம். சமீபத்தில் ஏறியவை இன்னும் சில மாதங்கள் ஏறும் போக்குடையவை என்பதை நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993-இல் அமெரிக்கத் தரவைக்கொண்டு காட்டிய கட்டுரை எங்களுக்குத் துணிச்சலைத் தந்தது. விலை 200 நாள் சராசரிக்கு மேல் இருக்கவேண்டும், அன்றைய வால்யூம் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளை நாங்களே சேர்த்தோம்.

வால்யூம் நிபந்தனையை விளக்க எங்கள் ஊரிலேயே ஓர் உவமை இருந்தது. மானாவாரிக் கரிசலில் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, காய்ந்த மண்ணில் விதைக்கும் முறை உண்டு. மழை விழுந்துவிட்டால் கரிசல் களியாகிவிடும். மாடும் இறங்க முடியாது, டிராக்டரும் இறங்க முடியாது. ஆகவே முன்கூட்டியே விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இதில் ஆபத்து, முதல் தூறலுக்கே விதை முளைத்து, அடுத்த மழை வராமல் கருகிப்போவது. அதற்காகத்தான் விதையைச் சற்று ஆழமாக இறக்குவார்கள். மேல்மண்ணை நனைக்கும் தூறல் அந்த ஆழத்துக்குப் போகாது. மண் நன்றாக நனையும் மழைக்கு மட்டுமே விதை கண் திறக்கும். பொய் மழையை வடிகட்டும் சல்லடை அந்த ஆழம். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், மானாவாரி விவசாயத்துக்காக இந்த முன்விதைப்பைத்தான் பரிந்துரைத்து வந்திருக்கிறது. பெரிய வால்யூம் இல்லாமல் உடைபடும் உச்சம் ஒரு தூறல் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். உவமை அழகாக இருந்தது. அழகான உவமை கிடைத்துவிட்டால் எழுத்தை நேசிக்கிறவர்கள் மேற்கொண்டு யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதற்கு நாங்களே சாட்சி.

அடுத்த வேலை பின்னோக்கிய சோதனை. பேக்டெஸ்ட் என்பார்கள். இந்த விதியை நேற்றைய ஆண்டுகளில் கடைப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பது. இதற்குத் தேவையான தரவைப் பங்குச்சந்தையே நாள்தோறும் வெளியிடுகிறது. பாவ்காப்பி என்று அதற்குப் பெயர். பாவ் என்றால் இந்தியில் விலை. பெயரிலேயே பழைய பருத்திப்பேட்டை வாசனை அடிக்கும் அந்தக் கோப்புகளில், 2014 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை பத்து ஆண்டுகளுக்கானவற்றை இறக்கிச் சேர்த்தோம்.

முதல் ஓட்டத்தில் இன்ஃபோசிஸ் ஒரே இரவில் பாதியாக விழுந்ததாகக் கணினி சொன்னது. ஒரு முறை அல்ல, 2014-இலும் 2015-இலும் 2018-இலும். விழுந்தது பங்கல்ல. ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தார்கள். பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானது, விலை பாதியானது, வைத்திருந்தவருக்கு நட்டம் எதுவுமில்லை. சரிசெய்யப்படாத தரவு இதை அறியாது. போனஸ்களையும் பங்குப் பிரிப்புகளையும் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தவே இரண்டு மாதம் ஆயிற்று. அந்த உழைப்பு எங்களுக்கு ஒரு தவறான நிம்மதியைத் தந்தது. இவ்வளவு சிரத்தையாகத் துடைத்த கணக்கில் இனிப் பிழை எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்தோம்.

விடை வந்த இரவு நினைவிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக முப்பது சதவீதத்துக்கும் மேல். உச்சத்திலிருந்து விழுந்த மிகப் பெரிய ஆழம் பதினொரு சதவீதம்தான். திரையில் கோடு, ஏறு வெயிலில் மாடிப்படி ஏறுவதுபோல நிதானமாக ஏறியிருந்தது. ஆசிரியர் அதைப் பார்த்து, 'இது கவிதை மாதிரி இருக்கு' என்றார். அவர் கவிதைகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயங்கள் உடையவர்.

இந்த இடத்தில் பெரியப்பா வருகிறார். எங்களில் ஒருவருக்குத்தான் அவர் முறைப்படி பெரியப்பா. மற்ற இருவருக்கும் பழக்கத்தால். எட்டையபுரம் செல்லும் வழியில் உள்ள ஒரு கிராமத்தில் மானாவாரிப் புஞ்சை வைத்திருப்பவர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு முழுதும் பெய்தாலும் எழுபது சென்டிமீட்டரை ஒட்டி நிற்கிற பகுதி எங்களுடையது. அந்த இரண்டு நாள்களில் பெரியப்பாவின் உளுந்தும் மக்காச்சோளமும் நீருக்குள் போயின. கண்மாய் உடைந்து வந்த மண் புஞ்சையில் படிந்தது. அடுத்த சில மாதங்களில், சூரிய மின்சாரத்துக்கு நிலம் தேடி வந்தவர்களுக்கு ஒரு துண்டை விற்றார். அந்தப் பணத்திலிருந்து நான்கு லட்சத்தை 2024 ஆகஸ்டில் எங்களிடம் கொடுத்தார். நாங்கள் கேட்கவில்லை என்று இன்று சொல்லிக்கொள்வது எளிது. கேட்கவில்லைதான், ஆனால் அந்தக் கோட்டை அவரிடம் காட்டினோம்.

'இம்புட்டு வருசக் கணக்கும் பாத்துட்டீகளா?' என்றார்.

'பத்து வருசம் பாத்தாச்சு பெரியப்பா.'

'அப்பம் சரி.'

2024 செப்டம்பர் 26 அன்று நிஃப்டி 26,216-இல் முடிந்தது. அதுதான் அப்போதைய உச்சம். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து மாதங்கள் இறங்கி, 2025 மார்ச் தொடக்கத்தில் 22,100-க்கும் கீழே போனது. சிறிய நிறுவனங்களின் பங்குகள் இதைவிட மோசமாக விழுந்தன. எங்கள் சல்லடை தேர்ந்தெடுத்தவற்றில் பாதிக்கு மேல் சிறியவை. உச்சம் உடைந்தது என்று வாங்குவோம்; மூன்றாம் நாள் திரும்பிவிடும். ஸ்டாப் லாஸில் விற்போம். மறுபடி வாங்குவோம். மார்ச் முதல் வாரத்தில் நான்கு லட்சத்தில் மிஞ்சியது மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். திரையில் கோடு காட்டிய பதினொரு சதவீத ஆழத்தை நாங்கள் டிசம்பரிலேயே தாண்டிவிட்டிருந்தோம்.

வாங்குவதை நிறுத்திவிட்டுக் கணக்கை மறுபடி பிரித்தோம். நட்டத்துக்குச் சந்தையே காரணம் என்று முடித்துக்கொள்ள இரண்டு பேருக்கு ஆசை. தீப்பெட்டிக் கணக்கர்தான் விடவில்லை. 'வரவு செலவு ஒத்துப் போகலைன்னா முதலாளியைக் குறை சொல்லக்கூடாது; பேரேட்டைத் திறக்கணும்' என்றார்.

திறந்ததும் கண்ணில் பட்ட முதல் பிழை வெட்கப்படவைப்பது. ஒரு நாளின் முடிவு விலையைக்கொண்டு சமிக்ஞை பார்த்துவிட்டு, அதே முடிவு விலைக்கு வாங்கியதாகக் கணினிக்குச் சொல்லியிருந்தோம். சந்தை மூன்றரை மணிக்கு மூடிவிடுகிறது. முடிவு விலை தெரியும்போது வழக்கமான வணிகம் முடிந்திருக்கும். அதோடு எங்கள் தரவு அடங்கிய ஆண்டுகளில் தேசியப் பங்குச்சந்தையின் முடிவு விலை என்பது கடைசி அரைமணி நேர வணிகத்தின் எடைச் சராசரி. அந்த விலைக்கு ஒரு பங்குகூடக் கைமாறாமல் இருந்திருக்கலாம். வழக்கமான வணிகத்தில் மறுநாள் காலை ஒன்பதே காலுக்குத்தான் வாங்க முடியும். நல்ல சமிக்ஞை என்றால் அதற்குள் விலை ஒரு படி ஏறியே திறக்கும். இன்னும் மோசம், அப்பர் சர்க்யூட்டில் உறைந்த சிறு பங்குகள். அங்கே வாங்க ஆயிரம் பேர் நிற்பார்கள், விற்க ஒருவரும் இருக்கமாட்டார். எங்கள் கணினி மட்டும் அவற்றைச் சாவகாசமாக வாங்கி லாபம் எழுதியிருந்தது.

செலவுகளையும் பெயருக்குத்தான் போட்டிருந்தோம். ஒரு லட்ச ரூபாய்க்கு டெலிவரியில் வாங்கி விற்றால், வாங்கும்போது 0.1 சதவீதமும் விற்கும்போது 0.1 சதவீதமுமாகப் பரிவர்த்தனை வரியே ஏறத்தாழ 200 ரூபாய். முத்திரைத் தீர்வை, சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி., டிமேட் கணக்கில் ஒவ்வொரு விற்பனைக்கும் பிடிக்கும் தொகை எல்லாம் அதன் மேல். நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் இடையிலுள்ள நழுவலையும் சேர்த்தால் ஐந்நூறைத் தொடும். ஒரு வணிகத்துக்குச் சராசரி லாபம் ஒன்றரை சதவீதம் என்றால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. குறுகிய கால லாபத்தின் மீதான வரியும் 2024 ஜூலை 23 முதல் 15 சதவீதத்திலிருந்து 20 ஆயிற்று. களத்துமேட்டில் கூலிக்கும் தரகுக்கும் அளந்தது போகத்தான் வீட்டுக்கு என்பது தெரிந்த ஊர்க்காரர்கள், கணினி முன்னால் அதை மறந்துபோனோம்.

அடுத்தது பேராசை. ஆர்.எஸ்.ஐ. 50-க்கு மேலா, 55-க்கு மேலா, 60-க்கு மேலா? சராசரி 100 நாளா, 150 நாளா, 200 நாளா? வால்யூம் எத்தனை மடங்கு? எத்தனை நாள் கழித்து வெளியேறுவது? ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். பத்து, எட்டு, ஆறு, ஐந்து தேர்வுகள் என்றால் பெருக்கிப் பாருங்கள், 2,400 சல்லடைகள். அவற்றில் மிகச் சிறந்ததைத்தான் பெரியப்பாவிடம் காட்டினோம். இரண்டாயிரத்து நானூறு பேரை நாணயம் சுண்டச் சொன்னால் ஒருவருக்குத் தொடர்ந்து பதினொரு தலை விழுவதில் வியப்பில்லை. அவரைச் சுண்டுவதில் வல்லவர் என்று சொல்லி அவரிடம் பணத்தைக் கொடுத்தது எங்கள் வேலை. பத்து ஆண்டுகளில் ஆறை வைத்து விதியைச் செய்து, தொடாத நான்கில் ஒரே ஒரு முறை சோதித்திருக்கவேண்டும். தெரியும். பாடப்புத்தகத்தில் உண்டு. ஆனால் அந்த நான்கை எட்டிப் பார்க்காமல் இருக்கும் கட்டுப்பாடு மூன்று பேரில் ஒருவரிடமும் இல்லை.

இவ்வளவும் திருத்திய பிறகும் விடை நன்றாகவே இருந்தது. முன்புபோல் இல்லை, ஆனாலும் இருபது சதவீதத்துக்குக் குறையவில்லை. அதுதான் எங்களைக் குழப்பியது. அப்போது கணினிக்காரர் ஒரு விளையாட்டுச் செய்தார். சல்லடையையே எடுத்துவிட்டு, அதே நாள்களில், எங்கள் பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எதையாவது வாங்கும்படி கணினிக்குச் சொன்னார். நூறு முறை ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவையும் ஏறத்தாழ அதே லாபத்தைக் காட்டின.

அப்படியென்றால் லாபம் சல்லடையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. பட்டியல் எங்கிருந்து வந்தது? 2024-இல் நிஃப்டி 500 குறியீட்டில் இருந்த 500 பெயர்களை எடுத்து, அவற்றின் பத்தாண்டு விலைகளைச் சேர்த்திருந்தோம். அதாவது 2024 வரை பிழைத்து, வளர்ந்து, ஐந்நூறில் ஒன்றாக நிற்கும் தகுதி பெற்றவற்றை மட்டும். 2014-இல் எங்கள் கணினி வாங்கிய ஒவ்வொரு பங்கும் பத்து ஆண்டு கழித்து நன்றாக இருக்கப்போகிறது என்பது அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இது எவ்வளவு பெரிய மோசடி என்று விளங்கும். 2008-இல் நிஃப்டி 50 பட்டியலில் இருந்த பெயர்களில் சத்யம், யூனிடெக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், சுஸ்லான் எல்லாம் உண்டு. நாட்டின் ஐம்பது பெரும் நிறுவனங்கள் என்று மதிக்கப்பட்டவை. 2009 ஜனவரி 7 அன்று சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்குகள் பொய் என்று கடிதம் எழுதினார். முந்தைய நாள் 179 ரூபாயாக இருந்த பங்கு அன்றே 40 அளவுக்கு வந்தது. எந்த ஸ்டாப் லாஸும் அந்த இடைவெளியில் நிற்காது. 2020 மார்ச் 5 அன்று யெஸ் பேங்க் முடக்கப்பட்டபோதும் அது நிஃப்டியில்தான் இருந்தது. இன்றைய பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு நேற்றைச் சோதிக்கிறவனுக்கு இந்தப் பெயர்களில் பல கண்ணிலேயே படாது. அவனுடைய கடந்த காலத்தில் யாரும் சாகவில்லை. பிழைத்தோர் சார்பு என்று இதற்குத் தமிழில் சொல்லலாம்.

குறியீட்டின் பெயர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும், மாற்றப்படுகின்றன. பழைய அறிவிப்புகளைத் தேடி எடுத்து, ஒவ்வோர் அரையாண்டிலும் எவை உண்மையில் பட்டியலில் இருந்தன என்று மீட்டெடுத்தோம். இணைக்கப்பட்டவை, பெயர் மாறியவை, திவாலானவை, வணிகம் நிறுத்தப்பட்டவை. கணக்கர் ஒரு நீள நோட்டில் கைப்பட எழுதிக்கொண்டே வந்தார். கோடை முழுதும் அந்த வேலையே. முடித்து ஓட்டியபோது, சல்லடையின் லாபம் வங்கி வைப்புநிதியின் வட்டியை ஒட்டி வந்து நின்றது. விழுந்த ஆழம் மட்டும் முப்பது சதவீதத்துக்கு மேல் போனது. 2024-இல் எங்களுக்கு நேர்ந்தது துரதிர்ஷ்டம் அல்ல. விதியின் சாதாரண நடத்தை.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஊக வணிகப் பிரிவான எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டனர் என்று இருக்கிறது. நாங்கள் செய்தது அந்தப் பிரிவு அல்ல. ஆனால் அந்த எண் ஏன் நம்பத்தக்கதாக இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அதில் விலகிப்போனவர்களும் இருக்கிறார்கள். ஜெயித்த மாமா, ஜெயித்த மச்சான் என்று நமக்குக் காதுவழி வரும் கணக்கில் அவர்கள் இல்லை.

பெரியப்பாவிடம் சொல்லவேண்டும். மூன்று பேரும் சேர்ந்தே போனோம். மே மாத இறுதி, காலை பத்து மணிக்கே தார்ச்சாலை கொதித்தது. கரிசல் வெடித்துப் பிளந்து கிடந்தது. ஒரு கை உள்ளே போகும். பெரியம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ஒரு லட்சம் குறைந்திருக்கிறது, அதை நாங்கள் மூவரும் பகிர்ந்து கொடுத்துவிடுகிறோம் என்று சொன்னோம். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், 'கணக்கு எங்கன தப்புனது?' என்றார்.

விலைப்பட்டியல், முடிவு விலை எல்லாவற்றையும் தாண்டி நேராகப் பட்டியல் விஷயத்துக்கு வந்தோம். இன்று இருக்கிற கம்பெனிகளை வைத்தே பழைய வருசத்தைப் பார்த்துவிட்டோம், இடையில் அழிந்துபோனவற்றைச் சேர்க்கவில்லை என்றோம்.

'அப்பம் நீங்க பாத்த பத்து வருசத்துல செத்தவன் ஒருத்தனும் இல்லையாக்கும்.'

இல்லை என்றோம்.

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் போனோம். அவருடைய புஞ்சையின் வடபுறம் முழுதும் சீமைக்கருவேலம். ஆள் உயரம் தாண்டி அடர்ந்து நின்றது. அதற்கு அப்பாலும் அதுவே. இது யாருடையது, அது யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒருவர் திருப்பூருக்குப் போனார். ஒருவர் பிள்ளைகளோடு சென்னையில். ஒருவர் மக்காச்சோளத்தில் 2018-இல் படைப்புழு விழுந்த ஆண்டோடு விட்டார். அந்தப் புழு அதற்கு முன் இந்த நாட்டிலேயே கிடையாது, ஆகவே எந்த அனுபவமும் அவருக்கு உதவவில்லை. ஒரு புஞ்சையின் முன்னால் மட்டும் சற்று நின்றார்.

'இவரு என்னையவிட நல்ல சம்சாரி. நான் விதைக்கிறது இவரு விதைக்கிற அன்னைக்குத்தான். மேகத்தைப் பாத்து எனக்குச் சொல்லித் தந்தவரே இவருதான்.'

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டோம்.

'மூணு வருசம் தொடர்ந்து தப்பிருச்சு. எனக்கும்தான் தப்புச்சு. ஒங்க பெரியம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயி வாரக்கூலி வாங்கிட்டு வந்தா. அவுக வீட்டுல அப்பிடி ஒரு கூலி இல்ல.'

நாங்கள் ஒன்றும் பேசவில்லை. முன்விதைப்பைப் பற்றி, விதையின் ஆழத்தைப் பற்றி நாங்கள் கட்டிவைத்திருந்த உவமை முழுவதும் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு சம்சாரியிடமிருந்து வந்தது. அவர் இன்னும் விதைத்துக்கொண்டிருப்பதால்தான் அவரிடம் கேட்க முடிந்தது. அதே நாளில், அதே ஆழத்தில் விதைத்த மற்றவரிடம் கேட்க அங்கே கருவேலம்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ஓர் இடத்தில் சொன்னார்: 'அழிஞ்சு போனவுக பேரையும் எழுதி வைங்க. எழுதலைன்னா நாம என்னமோ கெட்டிக்காரத்தனத்துல நிக்கிறோம்னு நெனைப்பு வந்துரும்.' கணக்கர் நோட்டைப் பற்றிச் சொன்னார். பெரியப்பா அதைப் பார்க்கவேண்டும் என்றார். அடுத்த முறை எடுத்துப் போய்க் காட்டினோம். பக்கம் பக்கமாகப் பெயர்கள். படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சுஸ்லான் வந்ததும் நிறுத்தினார். காற்றாலைகளில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார்.

'இது செத்துருச்சா?'

2008 தொடக்கத்தில் 400 ரூபாய்க்கு மேல் இருந்தது, 2020 மார்ச்சில் இரண்டு ரூபாய்க்கும் கீழே போனது, 2024 செப்டம்பரில் 80-ஐத் தாண்டியது என்றோம். பட்டியலில் எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே தகராறு இருந்தது.

'எழுதுங்க. ஆனா அடிக்காதீக' என்றார்.

எங்கள் ஒரு லட்சத்தை அவர் வாங்கவில்லை. மிஞ்சியதில் இரண்டு லட்சத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பேத்தியின் கல்லூரிச் செலவு என்றார். மீதியை இருக்கட்டும் என்றார். அது நம்பிக்கையா, கோபமா, எங்களுக்கு ஒரு தண்டனையா என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர் தண்டனை என்கிறார்.

சல்லடை மாறியிருக்கிறது. நிபந்தனைகள் குறைந்து மூன்றாகிவிட்டன. அந்தந்தக் காலத்துப் பட்டியலை வைத்தே ஓட்டுகிறோம். மறுநாள் காலைத் திறப்பு விலைக்குத்தான் வாங்கியதாகக் கணக்கு. ஒரு வணிகத்தில் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி பங்குகளின் எண்ணிக்கையை வைக்கிறோம். கோடு இப்போது மாடிப்படிபோல இல்லை. நீண்ட காலம் தரையோடு கிடந்து, ஏதோ ஓர் ஆண்டில் எழுந்து, மறுபடி கிடக்கிறது. வாசிப்பும் திரும்பியிருக்கிறது, மாதத்தில் ஒரு ஞாயிறாவது.

2025 புரட்டாசியில் பெரியப்பா காய்ந்த மண்ணில் மக்காச்சோளம் விதைத்தார். விற்றது போக மீதமிருந்த புஞ்சையில் பாதியில் மட்டும். மறுபாதியை மழை பார்த்து உளுந்துக்கு என்று விட்டுவைத்தார். அன்று மாலை எங்கள் சல்லடையில் ஏழு பெயர்கள் நின்றன. இரண்டை வாங்கினோம். ஒன்று எட்டாம் நாள் ஸ்டாப் லாஸில் போயிற்று. மற்றது கையில் இருக்கிறபோதே முதல் மழை விழுந்தது. நல்ல மழையா, தூறலா என்று கேட்கப் பெரியப்பாவுக்குப் போன் செய்தோம். 'ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு. பொறுங்க, பாப்போம்' என்று வைத்துவிட்டார்.